வீட்டில் நடத்தும் பாதப் பராமரிப்புத் தொழில்: கூலியும் விலையும்

குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் மிதியை இயக்கும் நெசவாளருக்கும், சேற்றில் நின்று நாற்று நடும் விவசாயிக்கும் கைக்கு அடுத்தபடியாக உதவுவது பாதமே. ஆயினும் உடலுறுப்புக்களுள் நாம் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதுவே. பித்தவெடிப்பு, சேற்றுப்புண், கால் ஆணி முதலியவற்றை நோயென்றே நம்மில் பலர் கருதுவதில்லை. கலியாணத்தில் நலங்கு வைத்து, மஞ்சள் பூசி, மருதாணி இடும் அந்த ஓரிரு நாட்களில்தான் பாதத்திற்கு மரியாதை கிடைக்கிறது.

இந்நிலை இப்போது சிறிது சிறிதாக மாறி வருகிறது. நகரத்து அழகு நிலையங்களில் பெடிக்யூர் என்ற பெயரில் நடைபெறும் பாதப் பராமரிப்பைச் சிற்றூர்ப் பெண்களும் விரும்பிக் கேட்கின்றனர். அங்கத்தினர் இல்லங்களைச் சேர்ந்த சகோதரிகள் சிலர் அதனை முறையாகக் கற்று, வீட்டின் ஓர் அறையிலேயே நடத்தவும் தொடங்கியுள்ளனர். முதலீடு சிறிது, கடை வாடகை இல்லை, குழந்தைகளையும் முதியோரையும் விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. இத்தனை வசதிகள் இருந்தும் இவ்வாறு தொடங்கப்படும் தொழில்களுள் பல, வாடிக்கைக்காரர் வந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோகின்றன. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கட்டுரையாளர் நேரில் அறிந்த நெசவாளர் குடும்பம் ஒன்றின் அனுபவம் இது. அவ்வீட்டு அம்மையார் மூன்று மாதப் பயிற்சி பெற்றுத் திண்ணையை ஒட்டிய அறையில் தொழில் தொடங்கினார். பேருந்து நிலையத்தருகே உள்ள அழகு நிலையத்தில் 300 ரூபாய் வாங்குகிறார்கள். நாம் வீட்டில்தானே செய்கிறோம், பாதி போதும் என்று 150 ரூபாய் விலை வைத்தார். மாதம் சுமார் 40 பேர் வந்தனர். ஒருவருக்கு 60 ரூபாய்ச் சாமான் செலவாகிறது, 90 ரூபாய் நிற்கிறது, ஆகவே மாதம் 3,600 ரூபாய் வருமானம் என்று அவர் எண்ணியிருந்தார். எட்டாவது மாதத்தில் நகவெட்டியும் அரமும் மழுங்கின. தொட்டியில் விரிசல் கண்டது. புதிது வாங்கப் பணம் பார்த்தபோது பெட்டியில் ஒன்றும் இல்லை.

எங்கே போயிற்று அப்பணம்? வீட்டார் எவரும் எடுத்துச் செலவழித்துவிடவில்லை. கணக்கில் ஏறாத சில இனங்கள் அதனை மெல்ல மெல்லக் கரைத்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்குமுன், நெசவாளர்களாகிய நமக்கு இப்பிழை புதிதன்று என்பதைச் சொல்லிவிடவேண்டும். ஒரு சேலைக்கு இன்ன கூலி என்று சங்கம் கொடுக்கிறது. அச்சேலை தறியில் ஏறுமுன் நூல் இழைத்தவர் யார்? தார் சுற்றியவர் யார்? பாவுக்குக் கஞ்சி தோய்க்கத் துணை நின்றவர் யார்? பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்கள். அவர்களுடைய மணிநேரங்கள் நெய்தவரின் கூலிக்குள் பெயரில்லாமல் அடங்கிவிடுகின்றன. 2019-20ஆம் ஆண்டில் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டுள்ள சுமார் 35 லட்சம் பேரில் ஏறக்குறைய 72 சதவீதத்தினர் பெண்கள். தம் உழைப்பைத் தனியே எண்ணிப் பழகாத பெண்மணி, தமக்கே உரிய தொழிலொன்றைத் தொடங்கும்போதும் எண்ணாமலே தொடங்குவதில் வியப்பில்லை.

முதலில் நேரத்தைக் கவனிப்போம். வந்தவரின் பாதத்தைப் பார்த்து, விசாரித்து, பழைய நகப்பூச்சை நீக்கி, வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, நகங்களை வெட்டி அராவி, குதிகாலைத் தேய்த்து, எண்ணெயோ களிம்போ இட்டுப் பிடித்துவிட்டு, வேண்டுமாயின் பூச்சுப் பூசி அனுப்ப ஒரு மணி நேரம் ஆகிறது. இந்த ஒரு மணியைத்தான் எல்லோரும் எண்ணுகின்றனர். அவர் வருமுன் நீர் காய்ச்சி, துண்டு விரித்து, கருவிகளை எடுத்து வைக்கவேண்டும். அவர் சென்றபின் தொட்டியைக் கழுவிக் கிருமி நீக்கி, கருவிகளைத் தேய்த்துக் கொதிக்கவைத்து, துண்டைத் துவைத்து உலர்த்தவேண்டும். இவற்றிற்கு எவ்வளவு சுறுசுறுப்பானவருக்கும் அரை மணி பிடிக்கும். ஆகவே ஒரு வாடிக்கைக்காரருக்கு ஆவது ஒன்றரை மணி நேரம். ஒரு மணிக்கு விலை வைத்துவிட்டு ஒன்றரை மணி உழைப்பவர், பின்னர் அவசரப்படும்போது முதலில் குறைப்பது அந்தப் பின் அரை மணியை, அதாவது சுத்தத்தையே. குறைந்த விலை இத்தொழிலில் ஆபத்தாக முடிவது இவ்வழியில்தான்.

சுத்தத்தைப் பற்றி ஒரு செய்தி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாட்சன்வில் என்னும் ஊரில், ஒரே நகப் பராமரிப்பு நிலையத்திற்குச் சென்று வந்த நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் கால்களில் ஆறாத கொப்புளங்கள் தோன்றின. ஆராய்ந்தபோது, நீர் சுழலும் கால் தொட்டிகளின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோலும் அழுக்கும் சேர்ந்து கிடந்ததும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு நுண்ணுயிர் அதில் வளர்ந்திருந்ததும் தெரியவந்தன. அங்கு வருமுன் காலில் ரோமம் மழித்துக்கொண்டவர்களுக்கே இந்நோய் காணும் வாய்ப்பு மிகுதியாக இருந்ததாகவும் கண்டனர். நமக்கு அத்தகைய இயந்திரத் தொட்டி தேவையே இல்லை. மடிப்பும் துளையும் இல்லாத சாதாரண வாளித் தொட்டியே மேல். ஒவ்வொருவருக்குப் பின்னும் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, வெளுப்புத் திரவத்தை ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து ஊற்றிப் 10 நிமிடம் வைத்திருந்து, மறுபடியும் கழுவிக் காயவைத்தால் போதும். இக்கரைசலை எஃகுக் கருவிகளுக்குப் பயன்படுத்தலாகாது, அரித்துவிடும்.

எஃகுக் கருவிகளைச் சோப்பும் தூரிகையும் கொண்டு நன்கு தேய்த்த பின்னரே கிருமி நீக்க முற்படவேண்டும். அழுக்கோடு கொதிக்கவைத்துப் பயனில்லை. கொதிக்கும் நீரில் 20 நிமிடம் இருந்தால் பெரும்பாலான கிருமிகள் மடியும். சில வகை வித்துக்கள் மட்டும் தப்பும். அவற்றையும் கொல்ல 121 டிகிரி வெப்பமுள்ள அழுத்த நீராவி வேண்டும். சமையலுக்குப் பயன்படுத்தாத தனி பிரஷர் குக்கர் ஒன்றை இதற்கென ஒதுக்கி, அழுத்தம் ஏறியபின் அரை மணி நேரம் வைத்தால் அவ்வெப்பம் ஏறக்குறையக் கிடைக்கும். ஈரமின்றி உலர்த்தி மூடிவைத்தல் அவசியம். ஒவ்வொரு கருவியிலும் இரண்டு தொகுதி இருந்தால்தான், அடுத்தடுத்து இருவர் வரும் நாளில் ஒன்று கொதிக்கும்போது மற்றது பயன்படும்.

சொரசொரப்பான காகித அரம், மரக்குச்சி, படிகக்கல் இவற்றை எவ்வாறும் கிருமி நீக்க இயலாது. ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. முன்னர்க் குறிப்பிட்ட அம்மையார் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார். தறியில் மிஞ்சும் துண்டுத் துணியில் சிறு பைகள் தைத்து, வாடிக்கைக்காரரின் பெயரை நூலால் எழுதி, அவருடைய அரத்தையும் கல்லையும் அதிலிட்டு அவரிடமே கொடுத்துவிடுகிறார். மறுமுறை வரும்போது அவர் கொண்டுவருவார். அரத்தின் செலவும் மிச்சமாகிறது. துண்டுக்கும் வெளியே தேட வேண்டாம். நமது சங்கங்கள் நெய்யும் ஈரிழைத் துண்டு நீரை நன்கு உறிஞ்சும். கொதிநீரில் போட்டாலும் விரைவில் உலரும்.

பூசுபொருள்களில் விவசாய அங்கத்தினர் விளைவிப்பவை பல உதவும். அரிசி மாவு, பயற்றம் மாவு, தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவை விலை குறைந்தவை, பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்பவை. ஆனால் மாவைக் குழைத்து வைத்தால் ஒரே நாளில் கெடும். அவ்வப்போது குழைத்தலே முறை. வெடித்த குதிகாலில் எலுமிச்சை தேய்ப்பது எரிச்சலூட்டும். இவற்றை வந்தவருக்குப் பயன்படுத்துவது வேறு, புட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்பது வேறு. அழகுசாதனப் பொருளை உற்பத்தி செய்து விற்க அரசாங்க உரிமம் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லாப் பாதமும் நாம் தொடத்தக்கதன்று. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கூறுகிறது. அவர்களுள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். நீர் சுடுகிறது என்று அவர் சொல்லமாட்டார். அரம் தோலைக் கிழித்ததும் அவருக்குத் தெரியாது. அந்தச் சிறு காயம் ஆறாமல் அழுகிக் காலையே எடுக்கும்படி நேர்ந்த குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆதலால் தொட்டியில் கால் வைக்கச் சொல்லுமுன் நீரிழிவு உண்டா என்று கேட்டே தீரவேண்டும். உண்டு என்றால், மருத்துவரின் அனுமதியின்றி ஊறவைப்பதும் தேய்ப்பதும் வேண்டாம். நகச்சொத்தை, நகச்சுற்று, சீழ், திறந்த புண் இவை உள்ளவர்களையும் மருத்துவரிடமே அனுப்புதல் வேண்டும். சொத்தை நகத்தின்மேல் பூச்சுப் பூசி மறைத்து அனுப்புவது வாடிக்கைக்காரருக்குச் செய்யும் தீமை. சவரக்கத்தி போன்ற அலகால் குதிகாலைச் சீவுவதும், கால் ஆணியைத் தோண்டுவதும் நம் வேலையல்ல. நகத்தை மூலைகளில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டவேண்டும். வளைத்தால் நகம் சதைக்குள் வளரும். ஊறவைக்கும் நீரை நம் முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே அவர் காலை வைக்கச் சொல்லவேண்டும். நாற்று நட்டு வந்த விவசாயச் சகோதரி ஒருத்தி சேற்றுப்புண்ணோடு வந்து நின்றால், அவளைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்ப மனம் வரவேண்டும். அந்நாளில் ஒன்றரை மணி வீணாகலாம். விலையில் அதற்கும் இடம் இருக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்து, இனிக் கணக்குக்கு வருவோம்.

கீழே காட்டும் தொகைகள் கணக்குப் போடும் வழியை விளக்குவதற்கானவை. ஒவ்வொருவரும் தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமான் செலவு, ஒருவருக்கு: உப்பும் சோப்பும் 5 ரூபாய், தேய்க்கும் பொருள் 12, எண்ணெய் அல்லது களிம்பு 10, அரம், குச்சி, பஞ்சு 13, நகப்பூச்சும் அதனை நீக்கும் திரவமும் 10, கையுறையும் முகக்கவசமும் 10, ஆக 60 ரூபாய். இது வரை அந்த அம்மையாரும் சரியாகவே எழுதியிருந்தார். அவர் எழுதாது விட்டவை இரண்டு. தொட்டி, நாற்காலி, முக்காலி, கருவிகள், குக்கர், துண்டுகள் யாவும் வாங்க 9,600 ரூபாய் ஆயிற்று. அவை இரண்டாண்டு உழைக்கும் என்று கொண்டால் மாதம் 400 ரூபாய் தேய்மானம். தறியின் அச்சும் விழுதும் தேய்வதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து மின்சாரம், எரிவாயு, துவைக்கும் சோப்பு, தொலைபேசி இவற்றில் தொழிலின் பங்கு மாதம் 600 ரூபாய். இந்த 600 ரூபாயும் வீட்டுச் செலவோடு சேர்ந்து கணவரின் தறிக்கூலியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதாவது அவருடைய நெசவு இவருடைய தொழிலுக்கு மாதந்தோறும் மானியம் வழங்கி வந்தது. அது இருவருக்கும் தெரியாது!

இவ்விரண்டும் சேர்ந்து மாதம் 1,000 ரூபாய். 40 பேருக்கு வகுத்தால் தலைக்கு 25. சாமான் 60உம் இதுவும் சேர்ந்து 85. விலை 150இல் இதனைக் கழித்தால் நிற்பது 65 ரூபாய். ஒன்றரை மணி உழைப்புக்கு 65 என்றால் மணிக்கு 43 ரூபாய். மணிக்கு 90 ரூபாய் கிடைக்கிறது என்று அவர் நம்பியிருந்த இடத்தில் உண்மையில் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. 40 பேர் வராமல் 20 பேரே வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாதச் செலவு 1,000 ரூபாய் குறையாது. தலைக்கு 50 ஆகும். அப்போது மணிக்கு நிற்பது 27 ரூபாயே.

இதனை இப்போது முறைப்படி திருப்பிப் போடுவோம். முதலில் தம் கூலியை எழுதிக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் உள்ளூரில் வேறு வேலை செய்தால் என்ன கிடைக்குமோ அதுவே கீழ் வரம்பு. கற்ற தொழிலுக்கு அதற்கு மேல் கேட்பது நியாயம். மணிக்கு 100 ரூபாய் என்று கொண்டால் ஒன்றரை மணிக்கு 150. செலவு 85. ஆக 235. இதன்மேல் 35 ரூபாய் ஒதுக்கு நிதி சேர்த்து 270 என்று விலை வைக்கலாம். ஒதுக்கு நிதி எதற்கு? வருவதாகச் சொல்லி வராதவர், புண்ணோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டவர், சாமான் வாங்கச் செல்லும் நேரம், இவை யாவற்றிற்கும் மேலாக ஆடியும் மார்கழியும். கலியாணம் இல்லாத அம்மாதங்களில் வருவோர் பாதியாகக் குறையலாம். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் திரளாக வரலாம். கூட்டம் வரும் மாதத்தின் வருமானத்தை மட்டும் பார்த்து விலையைக் குறைத்தவர்கள் ஆடியில் கடன் வாங்குகிறார்கள். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தே தலைக்கு இவ்வளவு என்று வகுக்கவேண்டும்.

நம் ஊரில் 270 ரூபாய் கொடுப்பார்களா என்று கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். கொடுக்க இயலாத ஊரில் பணியைச் சுருக்குவதே வழி. முழுப் பணியையும் செய்து விலையைக் குறைப்பது வழியன்று. ஊறவைத்தலும் தேய்ப்புப் பொருளும் பூச்சும் இன்றி, நகம் வெட்டி அராவி, குதிகாலைக் கல்லால் மென்மையாக்கிக் களிம்பிட்டு அனுப்ப அரை மணி போதும். தொட்டி கழுவும் வேலை இல்லாமையால் பின்வேலையும் 20 நிமிடத்தில் முடியும். சாமான் 33, மாதச் செலவின் பங்கு 25, ஐம்பது நிமிடக் கூலி 83, ஆக 141; சிறிது ஒதுக்குச் சேர்த்து 150 ரூபாய். ஆக, அந்த அம்மையார் வைத்த 150 ரூபாய் தவறான விலையன்று. அவ்விலைக்கு ஒன்றரை மணி நேரப் பணியைக் கொடுத்ததே தவறு. கலியாண வீட்டிற்கு மருதாணியும் சேர்த்துச் செய்வதாயின் அதற்கு ஆகும் நேரத்தை இவ்வாறே கணக்கிட்டுத் தனி விலை சொல்லலாம்.

வாடிக்கைக்காரரின் தொகையையும் ஆசையால் மதிப்பிடலாகாது. கால் நகம் மாதத்திற்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். ஒருமுறை வந்தவர் மறுமுறை வர ஆறு வாரமாவது செல்லும். ஆகவே மாதம் 40 வருகை வேண்டுமானால் தொடர்ந்து வருவோர் 60 பேர் வேண்டும். நெசவாளர் நெருங்கி வாழும் ஊரில் இது கூடும்; நான்கு தெருக்களே உள்ள கிராமத்தில் கூடாது. அங்கே இதனை முழுத் தொழிலாகக் கொள்ளாமல், தார் சுற்றுவதோடு வாரம் இரண்டு நாள் செய்யும் துணைத் தொழிலாகக் கொண்டு, கருவிகளிலும் குறைவாகவே முதலிடுதல் நலம். ஒரே தெருவில் இருவர் தொடங்கி, ஒருவரையொருவர் பார்த்து விலையைக் குறைத்துக்கொண்டே போய் இருவரும் மூடிய கதையும் உண்டு.

பண்டிகைக்குத் தள்ளுபடி கொடுப்பது நமது சங்கங்களிலும் வழக்கமானதால் அதனைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கம் கொடுக்கும் தள்ளுபடிக்கு அரசாங்கம் ஈடு செய்கிறது. வீட்டுத் தொழிலுக்கு ஈடு செய்வார் எவரும் இல்லை. 270 ரூபாயில் 20 சதவீதம் குறைத்தால் 216 ஆகும். குறைந்த 54 ரூபாயும் உழைப்பின் பங்கிலிருந்தே போகிறது. சாமான் விலை ஒரு காசும் குறைவதில்லை. முன்பு 40 பேரிடம் பெற்றதைப் பெற இப்போது 54 பேருக்குப் பணி செய்யவேண்டும். கூடுதலான 14 பேருக்கு ஆகும் 21 மணி நேரமும் கூலியற்ற உழைப்பு. தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஆடி மாதத்தின் வெறும் நாட்களில் கொடுக்கலாம். தை மாதத்தில் கொடுப்பது அறியாமை.

வாடிக்கைக்காரரின் வீட்டிற்கே சென்று செய்வதாயின் போகவர ஆகும் நேரமும் வேலை நேரமே. ஒரு மணி ஆகுமென்றால் 100 ரூபாயும், வண்டிக் கட்டணமும் விலையோடு சேரும். இதனைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூச்சம் மிகுதியாக வருவது உறவினரிடத்தில்தான். நாத்தனாரிடமும் சின்ன மாமியாரிடமும் காசு கேட்பது எங்ஙனம் என்று நம் பெண்கள் தயங்குவது இயல்பே. கேட்க மனமில்லாவிட்டால் கேட்க வேண்டாம். ஆனால் அதையும் பேரேட்டில் எழுதவேண்டும். மாதத்திற்கு இத்தனை இலவசம் என்று ஒரு வரம்பு வைத்து, ஒவ்வொன்றிற்கும் 60 ரூபாய்ச் சாமானும் ஒன்றரை மணியும் செலவென்று பதிந்துவிட்டால், வரம்பு எங்கே நிற்கவேண்டும் என்பது தானே தெரியும். கடன் சொல்பவர்க்குத் தனிப் பக்கம் வேண்டும்.

அந்த அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். அவர் ஒரே நாளில் விலையை ஏற்றிவிடவில்லை. ஒரு மாதம் முன்னரே அனைவரிடமும் சொல்லி, கருவிகள் கொதிக்கும் குக்கரை வருவோர் கண்ணில் படும்படி வைத்து, முழுப் பணிக்கு 270 என்றும், சுருக்கப் பணிக்கு 150 என்றும் எழுதி ஒட்டினார். முதல் மாதத்தில் முழுப் பணிக்கு வந்தோர் 40இலிருந்து 27 ஆகக் குறைந்தனர். வீட்டில் எல்லோரும் கலங்கினர். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, சாமான் செலவும் மாதச் செலவு 1,000 ரூபாயும் போக, அந்த 27 பேரிடமிருந்து மட்டும் நின்றது 4,670 ரூபாய். முன்பு 40 பேருக்கு 60 மணி நேரம் உழைத்து நின்றது 2,600. இப்போது உழைத்தது நாற்பதரை மணி. மணிக்கு 115 ரூபாய் வீதம் ஆகிறது. மிச்சப்பட்ட நேரத்தில் சுருக்கப் பணிக்கு வந்தவர்களையும் கவனிக்க முடிந்தது. அதன் பின்னர் தேய்மானத் தொகை 400 ரூபாயை மாதந்தோறும் முதல் வாரத்திலேயே சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுகிறார்.

முதலீட்டிற்குப் பணம் வேண்டுவோர், 2015ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றி வங்கிக் கடன் கேட்கலாம். மேற்கண்ட தொழிலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. கிடைக்கிறதென்று முழுவதும் வாங்கி மெத்தை நாற்காலியும் சுழல்தொட்டியும் வாங்கினால் தேய்மானமும் தவணையும் விலையை விழுங்கும். சிறு தொழிலாகப் பதிவு செய்ய 2020 முதல் உத்யம் பதிவு முறை இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வரை இத்தகைய பணிக்குச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவையில்லை. வீட்டில் தொழில் நடத்த உள்ளாட்சி மன்றத்தில் அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் அவரவர் ஊரில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இத்தொழில் செய்வோர் ஓர் ஊரில் நால்வர் ஐவர் இருந்தால், கையுறை, பஞ்சு, அரம், வெளுப்புத் திரவம் ஆகியவற்றைச் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். நூலும் சாயமும் அவ்வாறு வாங்கிப் பழகிய நமக்கு இது கடினமன்று. இருவருக்கு ஒரு குக்கர், நால்வருக்கு ஒரு பேரேடு மாதிரி என்று தொடங்கலாம். பேரேட்டில் தேதி, பெயர், நீரிழிவு உண்டா இல்லையா, செய்த பணி, வேலை தொடங்கிய நேரம், கருவி கழுவி முடித்த நேரம், பெற்ற தொகை, பாக்கி ஆகிய பத்திகள் இருந்தால் போதும். கருவி கழுவி முடித்த நேரத்திற்கான பத்தியை எக்காரணம் பற்றியும் விட்டுவிடக் கூடாது.